உப்பு பார்த்ததும் சாப்பாடுதான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று வழக்கம்போல் எழுதிவிடலாம், ஆனால் என் உடம்பில் குறை இருப்பதால்தான் இந்தக் கடிதமே, அதனால் அப்பா சுகம், நான் ஏதோ இருக்கிறேன், நீ அங்கே வேளாவேளைக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே நமக்குள் முட்டிக்கொள்கிறது. நாலு வருஷமாக நீ வீட்டுப் பக்கம் வராததற்கு லீவு கிடைக்காதது மட்டும் காரணமில்லை என்று எனக்கும் தெரியும். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை, சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இரைப்பையைச் சிறிதாக்குகிற ஆபரேஷன் எனக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை. அப்பா இதற்குள் உன்னிடம் சொல்லிவிட்டார் என்று தெரியும், அவர் வாயில் எது தங்கியிருக்கிறது. நூற்றுப் பதினெட்டு கிலோ, சர்க்கரை, முழங்கால், போதாததற்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம், இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் இந்த வழியைச் சொன்னார். உன்னைப் பெற்றதைத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்ததே இல்லை, கத்தி என்றால் காய் நறுக்கத்தான் என்று இருந்தவள். இப்போது என்னென்னவோ ஆகிவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள், தலையெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள், அந்தக் கோலத்தில் யாருக்குத் தூக்கம் வரும். மனநல டாக்டர் ஒருத்தர் எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பசிக்குத்தான் என்றேன், அதற்கு அவர் அரைப் பக்கம் எழுதிக்கொண்டார். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள், உறிஞ்சினால் மூன்றும் மேலே ஏற வேண்டும், எனக்கு இரண்டுதான் ஏறுகிறது. அப்பா பிடுங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு அன்று முழுக்க ஏதோ மலையேறி இறங்கியவர் மாதிரி நடந்தார்.

உண்மையில் ஆபரேஷன் மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம், அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திட ஆகாரம் கூடாது, தண்ணீரில் கலக்குகிற மாவும் தெளிந்த சூப்பும்தான், கல்லீரலில் இருக்கிற கொழுப்பு கரைந்து அது சுருங்கினால்தான் பின்னால் இருக்கிற இரைப்பைக்கு வழி கிடைக்குமாம். என்ன உள்ளே போனாலும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். நானும் வாயைக் கட்டி, குடித்த ஒவ்வொரு டம்ளரையும் நேரம் போட்டு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஸ்கேனில் கல்லீரல் இருந்தபடியே இருக்கிறது. டாக்டர் தேதியைத் தள்ளிவிட்டார். உணவு ஆலோசனை சொல்கிற பெண், உன் வயசுதான் இருக்கும், எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், நான் என்ன திருட்டுத்தனமாகத் தின்றேனா என்று கத்திவிட்டேன், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றாள். கேன்டீனில் தலைமைச் சமையல், முந்நூறு பேருக்கு, ஏழு அண்டா, எல்லாவற்றுக்கும் உப்பு பார்ப்பது நான்தான் என்றேன். அதை எழுதினீர்களா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் உப்பு பார்ப்பதைச் சாப்பாடு என்று யார் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவள் சொன்னாள், "நாக்குல பட்டு உள்ள போறது எல்லாமே சாப்பாடுதாம்மா." நாளைக்கு ஒரு நாள் நீங்கள் ருசி பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதே அளவை ஒரு டம்ளரிலும் ஊற்றிப் பாருங்கள் என்று அனுப்பினாள்.

வீம்புக்காகவே செய்தேன். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்குவதுதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு முதல் டம்ளர் நிரம்பிவிட்டது. கேன்டீன் மூடும்போது நாலு டம்ளர், எல்லாவற்றிலும் எண்ணெய் மிதக்கிறது. அதைக் கழுவும் தொட்டியில் கொட்டப்போனேன், கொட்ட முடியாமல் அப்படியே நின்றேன், உன் ஞாபகம்தான் வந்தது. நாள் முழுக்க ருசி பார்த்து என் நாக்கு மரத்துப்போயிருக்கும், சாயங்காலம் வீட்டில் சமைக்கும்போது உன்னைத்தானே கூப்பிடுவேன். உப்பு பாரு, புளிப்பு பாரு, இன்னொரு வாய் பார்த்துச் சொல்லு. எட்டு வயசிலிருந்து. தட்டு வைக்கிறதுக்கு முன்னாலேயே அரைச் சாப்பாடு உன் உள்ளே போயிருக்கும். அப்புறம் மேஜையில் உட்காரவைத்து, போதும் என்று தட்டிலிருந்து எடுத்ததும் நான்தான். உன் எடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்த அன்று அலமாரிக்குப் பூட்டு போட்டேனே, அப்போது நீ சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நீ குடுத்ததுதாம்மா. நான் எதையும் எடுக்கல." பொய் சொல்லாதே, திருடி என்று உன் சித்தி முன்னால் உன்னை அறைந்தேன். உனக்குப் பதினாலு வயசு. நீ பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு டம்ளரைப் பார்த்துத்தான் எனக்கு அது உறைத்தது. உடம்பு பெருப்பதற்கு ஆயிரம் காரணம், பரம்பரையும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. உன்னைத் திருடி என்று சொன்னேனே, அது தப்பு. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்போது கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெரியவர்தான் ருசி பார்க்கிறார், அவருக்கு எதிலும் உப்பு பத்தாது, இரண்டு நாள் முந்நூறு பேரும் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தார்கள். எனக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது, கல்லீரலும் வழிக்கு வந்துவிட்டதாம். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்கு வாய் வாயாகத்தான் குடிக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை. கூடவே இருக்க உன் சித்தி வருகிறாள், நீ லீவுக்கு அலையாதே. அங்கே நீ டாக்டரைப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம், உன் உடம்பைப் பற்றி இனிமேல் நான் வாய் திறக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டது போன் ஸ்பீக்கரில் என் காதில் விழுந்தது. அவளுக்கா பயம், அங்கே இருக்கிற டாக்டர்களைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, கண் திறக்காமலே போய்விட்டால் இதை உன்னிடம் சொல்லாமல் போயிருப்பேனே என்று.

நீ நூறு வருஷம் வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வியாழக்கிழமை காலை ஏழரைக்கு என் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், அதற்கு முன்னால் கூப்பிடு. அப்பா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கே கூப்பிடு. எடுத்ததும் எத்தனை கிலோ என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் பேச்சை நம்பாமல் போன
உன் அம்மா