கேட்காமல் எழுதிய அட்டை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கடையில் இசையைப் பரிந்துரைப்பவர்கள் இசையைக் கேட்பதில்லை. இது வதந்தி இல்லை. பரிந்துரைப்பவள் நான்தான்.

புதன்கிழமை வெளியீடு என்று பெயர். பெட்டிகள் செவ்வாய் காலையே வந்துவிடும், மதியத்துக்குள் அடுக்கிவிட வேண்டும். இன்று ராக், மெட்டல் தளத்துக்கு மட்டும் இருபத்துமூன்று புது ஆல்பங்கள். அதில் ஒன்பதுக்கு நான் கையால் அட்டை எழுத வேண்டும். வண்ணப் பேனா, கொழுத்த எழுத்து, கீழே "பரிந்துரை: குசே" என்று என் பெயர். பக்கத்தில் அட்டை குத்தாத இசைத்தட்டை நகோயாவில் யாரும் கையில் எடுப்பதில்லை. ஒன்பதில் நான் முழுதாகக் கேட்டது ஒன்றே ஒன்று, செண்டாய் மூவர் குழுவின் இரண்டாவது ஆல்பம். அதையும் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். மற்றவற்றுக்கு இசை நிறுவனங்கள் அனுப்பும் விளம்பரத் தாளைப் பார்த்து எழுதினேன். "செவிப்பறை கிழியும் வேகம்." "பனிக்காட்டின் நடுவே ஓர் அலறல்." யாருடைய செவிப்பறை? எந்தக் காடு?

கடைசியாக மிஞ்சியது 'கறுப்பு உப்பு'. நிவாவின் குழு. 'நனைந்த தீக்குச்சிகள்' அவர்களுடைய முதல் முழு ஆல்பம், பன்னிரண்டு பாட்டு. போன மாதமே எனக்கென்று தனியாக ஒரு பிரதி கொடுத்திருந்தாள். மேலுறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஏன் என்று இங்கேயாவது எழுது. — பள்ளி இசை மன்றத்தில் அவள் பாடினாள், நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அவ்வளவுதான்.

தளப் பொறுப்பாளர் தொகாவா தலைக்குமேல் வந்து நின்றார். "குசே, அட்டைதானே எழுதுற? கல்வெட்டு மாதிரி செதுக்கிட்டிருக்கியேம்மா."

எழுதினேன்:

"முகமூடிக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தொண்டை, பகலில் மூன்று வயதுக் குழந்தைகளைத் தட்டித் தூங்கவைக்கிறது. வாத்து தைத்த மஞ்சள் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு வந்துதான் இப்படி அலறுகிறது. கேளுங்கள்."

இரண்டு நிமிடம் ஆனது. தொகாவா படித்துவிட்டுச் சிரித்தார். "இது அட்டை! மத்ததெல்லாம் மருந்துச் சீட்டு."

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

யாரோ அட்டையைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மதியச் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே பார்த்தேன். இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது பார்த்தவர்களின் எண்ணிக்கை.

மார்ச் 8, சனி

'கறுப்பு உப்பு' தட்டு தீர்ந்துவிட்டது. எங்கள் தளத்தில் ஓர் உள்ளூர்க் குழு தீர்ந்துபோவது இதுதான் முதல் தடவை. ஹெட்போன் மாட்டிய கேட்புக் கருவி முன்னால் வரிசை. டோயோஹாஷியிலிருந்து ரயிலேறி வந்தவன்கூட ஒருவன் இருந்தான்.

பதினொரு மணிக்கு நிவா போனில் கூப்பிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அந்த வாத்தை நானே கையால தைச்சேன்டீ. இந்த ஊர்ல அந்த மாதிரி இன்னொரு ஏப்ரன் கிடையாது."

"உன் பேர் போடலையே. ஊர் போடல. முகம் போடல."

"பசங்க அம்மாங்களுக்கு என் முகத்தைவிட வாத்துதான் தெரியும். ஏப்ரல்ல நர்சரியில என் வேலையை நிரந்தரம் ஆக்குறோம்னு சொல்லியிருக்காங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் காத்திருக்கேன். அட்டையை எடுத்துரு. இப்பவே."

"சரி" என்றேன்.

தொகாவாவிடம் போனேன். "ஞாயிறு தாண்டட்டும்மா. மறுபடி சரக்கு வருது. இப்ப எடுத்தா கல்லாவை நாமே இழுத்து மூடின மாதிரி" என்றார். ஒப்பந்தக்காரி நான், என்ன செய்ய முடியும் — என்று எழுத வந்தேன். பொய். அட்டையில் இருப்பது இரண்டே ஊசி. பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அவர் என்ன, கையையா வெட்டுவார்? மறுபடி அந்த அட்டை முன்னால் போய் நின்றேன். இரண்டு பெண்கள் படித்துவிட்டு, "யாரு எழுதினது? குசேவா? நல்லா எழுதியிருக்காங்கல்ல" என்றார்கள்.

ஊசியைப் பிடுங்கவில்லை.

நிவா "யாரிடமும் சொல்லாதே" என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. என்னிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

அட்டையை எடுத்தேன். எடுத்து என்ன? கடையில் ஓர் அட்டை, வெளியே பல்லாயிரம் அட்டை.

நிவாவின் வகுப்புக் குழந்தை ஒன்றின் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஓசு கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் காப்பிக்கடைக்கு நிவா வரச் சொன்னாள். எப்போதும் செய்வது போலவே ரொட்டிமேல் சிவப்புப் பயறு இனிப்பைக் கரை வரைக்கும் தடவினாள். ஆனால் தின்னவில்லை.

அவளாகவே சொன்னாள். பெற்றோர் கூட்டம் நடந்திருக்கிறது. பாட்டு வரிகளை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அம்மா எழுந்து, "இந்த வாயாலதான் எங்க பொண்ணுக்குக் கதை சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். முதல்வர் குறுக்கே வந்து, "எல்லாரும் அமைதியா இருங்க, டீச்சர் ரொம்ப நல்லவங்க" என்றிருக்கிறார். நல்லவங்க என்று முதல்வர் சொன்னபோதுதான், இனி வேலை அவ்வளவுதான் என்று தனக்குத் தெரிந்ததாம்.

"அந்த வரிகள்ல என்ன இருக்கு, கொலையா? ஒரு நாளைக்குப் பதினெட்டுக் குழந்தைங்களைத் தூக்கி இறக்குற ஒருத்தியோட இடுப்பு வலி இருக்கு. அவங்க அதைப் படிச்சிட்டு பயந்துட்டாங்க" என்றாள்.

நான் முதல்வரைத் திட்டினேன். அந்த அம்மாவைத் திட்டினேன். எங்கள் கடையை, தொகாவாவை, மூன்று வருடம் ஒப்பந்தத்திலேயே வைத்துச் சாறு பிழியும் இந்த ஊரை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு:

"எனக்குக் கோவம் வரலடீ. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆல்பம் கேட்டியா?"

"கேட்டேன்."

"எது பிடிச்சுது?"

"மூணாவது. அதுல உன் குரல்... அடேங்கப்பா."

"மூணாவதுல நான் பாடவே இல்ல. வெறும் கிட்டார்."

எழுந்து போய்விட்டாள். போகும்போது நாற்காலியை மேசைக்குள் சத்தமில்லாமல் தள்ளிவைத்தாள், குழந்தைகள் தூங்கும் அறையில் தள்ளுவது போல.

மார்ச் 17

கேட்டிருந்தால் ஏப்ரனை எழுதியிருக்கவே மாட்டேன். பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் ஆளைப் பற்றி எழுதினேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஏப்ரல் முதல் அவளுக்கு அங்கே வேலை இல்லை. நீக்கவில்லையாம். "இடம் குறித்து மறுபரிசீலனை." முதல்வர் ஒரு பெட்டி இனிப்பு கொடுத்து வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பினாராம். இதெல்லாம் குழுவின் டிரம்மர் சொல்லித்தான் தெரியும். நிவா என் அழைப்பை எடுப்பதில்லை.

யாரையெல்லாம் குற்றம் சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எட்டுப் பேர் வந்தார்கள். பட்டியல் நீண்டால் என் பெயர் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேனோ? கிழித்துப் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி, விடுமுறை

கேட்டேன்.

பகல் முழுவதும். மூன்று தடவை, வரிசையாக. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேறெதுவும் செய்யாமல்.

நன்றாக இருக்கிறது. இல்லை — இப்படி எழுதித்தானே பிழைக்கிறேன். ஒழுங்காக எழுது. முதல் இரண்டு பாட்டும் வேகத்துக்காகவே வேகம், இந்த ஊரில் பத்துக் குழு அப்படி வாசிக்கும். மூன்றாவதில் நிஜமாகவே கிட்டார் மட்டும்தான். குழுவின் கிட்டார்காரன் இடோ வாசித்திருக்கிறான். ஒரே மெட்டைப் பதினாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் குறைத்து. ஏழாவதில் எல்லாம் சட்டென்று நிற்கிறது. நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியில் நிவா மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறது. பதிவில் அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுத்து வரப்போவது எவ்வளவு பெரியது என்று அந்த மூச்சிலேயே தெரிந்துவிடுகிறது. வந்ததும், அது அலறல் இல்லை. தாழ்வாக, கிட்டத்தட்ட பேச்சாக, "யாராவது என்னைத் தூக்குங்கள்" என்கிறாள்.

இதை எழுதியிருந்தால் போதும். இதுவே விற்றிருக்கும். விற்காமலும் போயிருக்கலாம். ஆனால் போதும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நிவாவின் ஆல்பம் இரண்டாவது பதிப்பு வந்திருக்கிறது. உறையைச் சுற்றி வரும் காகிதப் பட்டையில், பெரிய எழுத்தில், என் வரி. வாத்து, மஞ்சள் ஏப்ரன், எல்லாம். மூலையில் வாத்துப் படம்கூட வரைந்திருக்கிறார்கள்.

ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்து ஆள் இனுகாய் நேரிலேயே வந்தார். "குசே, உங்க வரி பிரமாதம்! நாங்க ரூம் போட்டு யோசிச்சாலும் வராது."

"நிவாவைக் கேட்டீங்களா?"

"கேட்காமலா? வேலையும் போச்சு, இதாவது ஓடட்டும்னுட்டாங்க. தைரியமான பொண்ணு." பெட்டியிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்களேன். எங்க ஆபீஸ்ல வைக்கணும்."

போட்டேன். வாய் வேண்டாம் என்றது, கை போட்டுவிட்டது.

மாலையில் புது அட்டை ஒன்று எழுதித் தொகாவாவிடம் காட்டினேன். ஏழாவது பாட்டு, நான்கு விநாடி, மூச்சு. முழுதாகப் படித்தார். ஏளனம் செய்யவில்லை. "உண்மையிலேயே நல்லாருக்கும்மா" என்றார். "ஆனா மூச்சைக் கேட்க எவனும் ரயிலேறி வரமாட்டான்."

ஏப்ரல் 19, சனி

கடைக்குள்ளேயே 'கறுப்பு உப்பு' ரசிகர் சந்திப்பு நிகழ்ச்சி. நாற்காலி கிடையாது, எல்லாரும் நின்றுகொண்டுதான். கயிறு பிடித்து வரிசையை நிறுத்துவது என் வேலை.

நிவா முகமூடியோடு வந்தாள். ஏப்ரனும் கட்டியிருந்தாள். சலவை செய்து இஸ்திரி போட்டது. யார் கட்டச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "டீச்சர்! ஒரு தாலாட்டு!"

சிரித்தார்கள். இன்னொருவன், "நான் தூங்க ரெடி டீச்சர்!" என்று தரையில் படுப்பது போல் நடித்தான். மறுபடி சிரிப்பு. நிவா ஒலிவாங்கியை எடுத்தாள். எடுத்து, பாடினாள். குழந்தைகளுக்குப் பாடுவது போலவே, வலது கையால் தன் தொடையை மெல்லத் தட்டிக்கொண்டே. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் போனை உயர்த்தினார்கள். மூன்றாவது வரியில் அலறலுக்கு மாறினாள். கூரை பிய்ந்துபோகும் போல் ஆரவாரம். இனுகாய் எனக்கு நேராகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கயிறு என் கையில் இருந்தது. விட்டுவிட்டுக் குறுக்கே போயிருக்கலாம்.

முடிந்தபின் சரக்கறையில் அவளைப் பிடித்தேன். ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது பாட்டு. அந்த நாலு செகண்ட்" என்றேன். "அழிக்க வேண்டாம்னு யார் சொன்னது? நீயா?"

மடிப்பதை நிறுத்தினாள். ஒரு கணம் — பழைய நிவா ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நானே கற்பனை செய்துகொண்டேனா? இனுகாய் கதவைத் தட்டி, "டாக்ஸி வந்தாச்சு!" என்றார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடை ஊழியர்கள் எல்லாருக்கும் குனிவது போலவே எனக்கும் குனிந்தாள். "இன்னைக்கு எல்லா உதவிக்கும் நன்றி."

எல்லா உதவிக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

தொகாவா வேண்டாம் என்ற அட்டையைத் தபாலில் நிவாவுக்கு அனுப்பினேன். உறைக்குள் ஒரு சிவப்புப் பேனாவும். பள்ளியில் நான் எழுதும் பாட்டு வரிகளை அவள்தான் திருத்துவாள், பாதியை அடித்துவிடுவாள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "தப்பை அடிச்சுத் திருப்பி அனுப்பு."

மே 7, புதன்

ஜூன் முதல் நான் நிரந்தரம். இன்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று கிளைகளுக்கும் இனி அட்டை எழுதுவது நான். "ஆளைப் பத்தி எழுதும்மா, உன் பாணியில" என்று தொகாவா இந்த வார வரவுகளை மேசையில் பரப்பினார். சப்போரோ குழு ஒன்று; அதன் டிரம்மரின் அம்மா ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாராம், தாளில் போட்டிருந்தது. மதியம் ஹெட்போனை மாட்டி ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்காமல் எழுதுவதில்லை. கேட்டுவிட்டும் அம்மாவைப் பற்றித்தான் எழுதினேன்.

அந்த டிரம்மரை எனக்குத் தெரியாது. அதனால் தயங்காமல் எழுத முடிந்தது.

பதினாறு நாளாக வீட்டுத் தபால் பெட்டியில் எரிவாயு ரசீதும் பீட்சா விளம்பரமும்தான். இன்று கடையிலிருந்து திரும்பும் வழியில் அவளுக்கு இன்னொரு தபால் அனுப்பினேன். அட்டை இல்லை, பேனா இல்லை. ஒரே வரி.

"நான் நிரந்தரம் ஆயிட்டேன் நிவா, இப்பவாவது வந்து என்னைத் திட்டு."