பூசையில் வைத்த மூன்று சில்லுச் சைக்கிள்

வெம்பிளி
20.10.1991

அன்பு மகள் கௌரிக்கு,

நானும் அம்மாவும் தங்கச்சி மலரும் முருகன் காவலில் சுகமாயிருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் கனடாக் குளிருக்குள் அப்படியே இருக்க வேண்டுமென்று அவனிடம் நாளும் கேட்டுக்கொள்கிறேன். போனில் அவசரமாக நாலு சொல் பேசிவிட்டு வேறை என்னப்பா என்று கேட்கிறாயே, அந்த வேறைதான் இந்தக் கடிதம்.

இங்கே பெரிய செய்தி மலரின் மூன்று சில்லுச் சைக்கிள். முதுகுக்குச் சாய்மானமும் காலைப் பெடலோடு கட்டுகிற வாரும் வைத்த அந்தச் சிவப்புச் சைக்கிள் உனக்கு நினைவிருக்கும், நடக்க ஏலாத பிள்ளை முதன்முதல் தன்பாட்டில் பார்க்கைச் சுற்றி வந்தது அதில்தான். இப்போது உன்னைப்போலவே நெடுங்காலாகிவிட்டாள், முழங்கால் ஹாண்டிலில் இடிக்கிறது. பள்ளிக்கூடத்துத் தெரபிஸ்ட் ஜூடித் சொன்னார், இந்தச் சைக்கிள் ஒரு பிள்ளைக்குச் சிறிதானால் திருப்பி எடுத்து, இருக்கையும் வாரும் மாற்றி அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்களாம், மலருக்கும் வேறொரு பிள்ளை ஓடிய பெரியது வருகிறதாம், எங்கள் சிறியதற்காக ஷோன் என்றொரு நாலு வயதுப் பிள்ளை கோடையிலிருந்து காத்திருக்கிறானாம். பெரியதை வாங்க உன் அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார், சிறியதைக் கொடுக்க வேண்டும் என்றதும் அவருக்குக் காது கேட்கவில்லை. அதைக் குடுத்தால் பிள்ளையின்ரை ஓட்டமும் அதோடை போயிடும் என்றார். அப்படியென்றால் வரப்போகிற பெரிய சைக்கிளோடு யாருடைய ஓட்டம் வருகுது என்று கேட்டேன், அன்று இரவு எனக்குப் பாணும் தண்ணீரும்தான்.

சைக்கிளை ஏற்றிப்போக வான் வர நாள் குறித்துக் கொடுத்தவரும் அம்மாதான். அந்த நாள் சரஸ்வதி பூசையாக இருந்தது தற்செயல் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். புத்தகங்களோடு சைக்கிளையும் படத்துக்கு முன்னால் வைத்து, சில்லுக்குச் சில்லு சந்தனம் குங்குமம் இட்டு, ஹாண்டிலுக்கு மாலையும் போட்டார். பூசையிலை வைச்சதை விசயதசமி வரைக்கும் தொடேலாது எண்டு சொல்லுங்கோ என்று என்னை வாசலுக்கு அனுப்பினார். வான்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான், மாலையையும் சாம்பிராணிப் புகையையும் கண்டதும் யாரோ செத்த வீடென்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அம்மா மலரை மறந்துவிட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் ஜூடித்துக்குப் பாடமே எடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை விசயதசமி, சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள், அன்று எதைத் தொடங்கினாலும் நன்றாக வரும், அம்மா அதற்காகத்தான் சைக்கிளை வைத்திருக்கிறார் என்று. வெள்ளி பின்னேரம் பெல் அடித்தது, கதவைத் திறந்தால் ஜூடித், தள்ளுவண்டியில் ஷோன், கூடவே அவன் தாய். ஷோன் தொடங்க வந்திருக்கிறான் என்றார்கள். உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். விசயதசமியன்று வாசலுக்கு வந்த குழந்தையை எந்தச் சாத்திரம் சொல்லித் திருப்பி அனுப்புவது? வந்தவர்களை இருத்திவிட்டுக் குசினிக்குள் போனவர் வரவேயில்லை. போய்ப் பார்த்தேன், பூசைக்கு வைத்த அவலைப் பிசைந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கும் பகிடி வரவில்லை பிள்ளை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மாலையைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை வெளியே கொண்டுபோனார், ஷோன் வாயில் அவல் வைத்து நெற்றியில் பொட்டும் இட்டார். ஜூடித் அவன் கால்களை வாரில் கட்ட, அம்மா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார். பெடியன் ஒருமுறை மிதித்தான், சைக்கிள் அசைந்தது. அவன் தாய் விழுந்துவிடுவானோ என்று சாய்மானத்தை இறுக்கிப் பிடித்தபடி குனிந்து கூடவே போனாள், அவள் பிடியின் பாரத்தில் அவன் மிதிக்கத் திணறினான். அம்மா போய் அவள் விரல்களைச் சாய்மானத்திலிருந்து மெதுவாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், விடு பிள்ளை, அவன் போவான் என்றார். அவன் போனான், பக்கத்து வீட்டு வேலி தாண்டியும் போனான். கௌரி, உன்னை ஹீத்ரோவில் அனுப்பிய அன்று உன் அம்மாவின் கையை நான்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மலருக்குப் பெரிய சைக்கிள் நேற்று வந்துவிட்டது, தெருமுனைவரை தனியே போகிறாள். உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கிடைக்க முருகன் துணை நிற்கட்டும், காதை மூடித் தொப்பி போடு, வடிவு குறைந்துவிடாது. ஒன்றை மறவாதே, போனில் பேசும்போது அம்மாவிடம் மாலைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிடாதே, தானே மனமுவந்து கூப்பிட்டுக் கொடுத்ததாக வெம்பிளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், நீயும் ஓம் அம்மா என்று கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. குலசேகரம்