கோலமாவில் தெரிந்த விரிசல்

என் சேகர் அண்ணாவுக்கு,

சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்க வருகிறது. நீ போய் நாலு மாதமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தப்பிருந்தால் சிரிக்காதே.

உன் கடையை மூடவில்லை அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ரேஸ் வண்டிகளில் கழற்றிய பிரேக்கை வாங்கி விற்பது பொம்பளை செய்கிற வேலையா என்று நம் ஜோகுபாளையம் கடைத்தெருவில் கேட்காதவர் இல்லை. பக்கத்துக் கடை நாகராஜ் முகத்துக்கு நேராகவே சொன்னான். "அக்கா, இது பிரேக்கு. சாம்பார் இல்ல, உப்பு கம்மியானா அப்புறம் போட்டுக்க. சரக்க மொத்தமா எனக்குத் தள்ளிடுங்க."

முதல் வாரமே அவன் வாய்க்கு அவல் போட்டேன். தூசியாக இருக்கிறதே என்று பழைய டிஸ்கையெல்லாம், பிரேக் பிடிக்கிற அந்த இரும்புத் தட்டுகளை, சோப்புப் போட்டுக் கழுவி அடுக்கினேன். காலையில் பார்த்தால் அத்தனையும் துரு. ஆள் கூட்டி வந்து காட்டிச் சிரித்தான். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா, சேர்ந்து சிரித்திருப்பாயா?

மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்குமே, நீ யாருக்கும் விற்காமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய டிஸ்க், அதையும் தேய்த்துத் துடைத்தேன். கைபட்டு, வாசலுக்கு வைத்திருந்த கோலமாவு அதன்மேல் கொட்டிவிட்டது. தட்டிவிடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில், வெள்ளை மாவில், முடி மாதிரி ஒரு கோடு ஈரமாக ஊறி வந்தது. விரிசல்! உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே வந்து சொல்லிவிட்டது. நீ ஏன் விற்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

அதிலிருந்து எந்த டிஸ்க் வந்தாலும் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மாவு தூவாமல் எடுப்பதில்லை.

போன சனிக்கிழமை ரேஸ் ஓட்டுகிற ஒருவர் வந்தார். "கடைல யாரும் இல்லயா?" என்றார். "நான் இருக்கேனே" என்றேன். சிரித்துவிட்டு நாகராஜிடம் போய் ஒரு ஜோடி டிஸ்க் வாங்கினார். திரும்பும்போது என் மாவைப் பார்த்து நின்றார்.

"என்ன ஆன்ட்டி, பிரேக்குக்குப் பூஜையா? இதுக்கும் போடுங்க."

போட்டேன். ஒன்று சுத்தம். இன்னொன்றில் கோடு.

"நாளைக்கு இத நம்பித்தான் இருநூறு கிலோமீட்டர் வேகத்துல போயிருப்பேன்" என்றார். ஓடி வந்த நாகராஜ் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான். "சத்தியமா தெரியாதுக்கா." பொய்யில்லை அண்ணா. அவனுக்கும் தெரியாது. அவர் நம் கடை டிஸ்கை வாங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டி முடித்ததும் போன் செய்தார். "சூப்பரா புடிக்குது ஆன்ட்டி!"

இன்று காலை நாகராஜ் மூன்று டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். "அக்கா, இதுக்கும் கொஞ்சம் கோலம் போட்டுக் குடுங்க."

"உப்பு சரியா இருக்கான்னு பாக்கணுமா?" என்றேன்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், நீ போன பிறகு முதல் தடவையாக.

பலகையில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. கோடு விழுந்த டிஸ்க் ஒன்றுகூட அந்தப் பெயருக்குக் கீழே விலை போகாது. அந்தப் பெரிய டிஸ்கையும் நீ வைத்த மாதிரியே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

உன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி செல்வி