கண்ணாடிப் பெட்டிக்குப் போகவிருந்த பேஸ் கிட்டார்

இன்று மார்ச் ஒன்பது, ஞாயிறு, காலை பத்து இருபது. உன் பேஸ் கிட்டார் என் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. கழற்றிய திருகாணிகள் பதின்மூன்று, ஒரு கிண்ணத்தில். சோல்டரிங் அயர்னை எடுத்து ஓர் இணைப்பில் வைத்தேன். குங்கிலியப் புகை மூக்கில் ஏறியது. அறுபதுகளில் செய்த பொருள் என்றால் இந்த வாசனை வரக் கூடாது. அத்தனை வருடம் காய்ந்த ஈயம் இப்படிப் புதுசாக மணக்காது. அயர்னைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ செத்து நாலு மாதம் ஆகிறது, பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருடமும் நீ எனக்குப் பதில் போடவில்லை. அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

இது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் மனைவி ரீத்தா குளுவாங்கிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணே, அவரோட அந்தப் பழைய கிட்டார்ல கொரகொரன்னு சத்தம் வருது. நீங்கதான் ஒயரிங் எல்லாம் பாப்பீங்களே, கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிட்டேன்."

"கண்ணாடிப் பெட்டி எதுக்கு?"

"பாப்பாவுக்கு அண்ணே. அவ யுனிவர்சிட்டி போற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. அன்னிக்கு வித்தா முழுப் படிப்புக்கும் காணும்னாரு."

நீ சேர்த்துவைத்த மற்ற நான்கு பேஸ்களையும் விற்கப் போகிறாளாம். கறுப்பு ஜப்பான் பேஸை வாங்க வருகிற சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆள் வருகிறான். "அது அசல் இல்ல, சும்மா காப்பிதானே அண்ணே. பழைய ஹேண்ட்போன் விலை குடுத்தாக் கூட போதும்னு சொல்லிட்டேன் லா."

வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இது அசல்தானா என்ற சந்தேகம் மட்டும்தான் அப்போது என்னிடம் இருந்தது. கெலாங் பாத்தா தொழிற்சாலையில் நாள் முழுக்க அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன் நான். திறந்து பார்க்காமல் ஒரு பொருளைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. இதை வாங்கி வந்தேன். திறந்தேன்.

பாலோவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இணையத்தில் ஒரு விளம்பரம்: அறுபதுகளின் அமெரிக்க பேஸ், ஒரே ஆள் கையில் இருந்தது. உன் காரில் எண்ணெய்ப்பனைக்கு நடுவே வழி தவறி, ஒரு வழியாக அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். ஒரு காலத்தில் கல்யாண பேண்டில் வாசித்த அங்கிள். தேத்தண்ணி கொடுத்தார். நீ அவருடைய பேண்ட் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் திருப்புளியை எடுத்து பேஸின் வெள்ளை மூடியைக் கழற்றிவிட்டேன்.

"அங்கிள், இது அறுபதுல செஞ்சது இல்ல. தொண்ணூறுக்கு அப்புறம் வந்த காப்பி. உள்ள ஒரு ஓட்டையத் தப்பா போட்டு மரத்தூள் வச்சு அடைச்சிருக்காங்க, பாருங்க."

"இதத்தான் தம்பி நான் பேண்ட்ல வாசிச்சேன்," என்றார்.

"எந்த வருசம்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காரில் ஏறியதும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "உன் வாய்க்குப் பிரேக்கே இல்லையாடா? மனுஷன் மூஞ்சியப் பாத்தியா?"

"பொய் சொன்னாரு."

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. வாங்காம வந்துட்டா முடிஞ்சுச்சு. எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணுமா உனக்கு? நாளைக்குப் பொண்ணு பாக்கப் போனா பல்ல எண்ணுவடா நீ."

சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். வாங்காமல் திரும்பினோம். வாங்காமல் திரும்பினோம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நாம் சேர்த்ததே நகல்களைத்தான். அசல் அமெரிக்க பேஸ் நம் சம்பளத்துக்கு எட்டாது. ஜப்பான்காரன் அந்தக் காலத்தில் அதைப் பார்த்து அச்சாகச் செய்து, தலைப்பகுதியில் தன் பெயரைப் போட்டே விற்றான். இன்று அந்த நகல்களையும் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஒரே நிபந்தனை, இடையில் எவனும் கைவைத்திருக்கக் கூடாது. பெயரைச் சுரண்டி அமெரிக்க ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது நகலும் இல்லை, அசலும் இல்லை, வெறும் மரம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவனே நீதான். "காப்பி கேவலம் இல்லடா. காப்பிய அசல்னு சொல்றதுதான் கேவலம்." இதைச் சொன்னவன் என்பதற்காகவே உன்னை எனக்குப் பிடித்திருந்தது.

பாலோ போய் வந்த அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் கூடினோம். சாப்பாட்டுக்கு முன்னால் நீ உள்ளே போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நடுவில் மஞ்சள், ஓரம் போகப் போகக் கறுப்பு. தலைப்பகுதியில் அமெரிக்கப் பெயர். "சிங்கப்பூர்ல ஒரு பெரியவரு குடுத்தாரு. சாகறதுக்கு முன்னால தெரிஞ்சவன் கையில சேரணுமாம். அறுபத்து மூணுல செஞ்சது."

எல்லாரும் தொட்டார்கள். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறவன் மடியில் வைத்துப் பார்த்தான். உன் மச்சினன் கறிக்கையோடு தடவினான். நான் கையை நீட்டினேன்.

"நீ வேணாம்டா. கைரேகை படும்," என்றாய்.

கூடம் சிரித்தது. நான் சாப்பிடாமல் கிளம்பினேன். வாசல்வரை வந்து ரீத்தா கூப்பிட்டாள், நீ வரவில்லை. பிறகு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் நீல டிக் மட்டும் வந்தது. எனக்குப் பொறாமை, கண் வைத்துவிடுவேன் என்று நீ நினைக்கிறாய் என்றே இரண்டு வருடம் நம்பினேன். ஒரு நாள் சிங்கப்பூர்க் கிடங்கில் வேலை நேரத்தில் மயங்கி விழுந்தாய், எழவில்லை. முப்பத்தாறு வயது. அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். அப்போதும் அதே கோபம்தான்.

இப்போது மூடி திறந்து கிடக்கிறது. வால்யூம் திருகும் பாகத்தின் முதுகில் செய்த வருடமும் வாரமும் எண்ணாக அடித்திருக்கிறது. அது உண்மையிலேயே அறுபத்து மூன்று. தனியாகத் தேடி வாங்கியிருக்கிறாய், நல்ல காசு போயிருக்கும். ஆனால் அதில் வைத்த ஈயம் உன்னுடையது. பலாக்கொட்டை அளவுக்கு அப்பி வைக்கிறவன் ஜொகூரிலேயே நீ ஒருவன்தான். எத்தனை தரம் திட்டியிருப்பேன். வெள்ளை மூடியைப் பால் கலக்காத கோப்பி ஓ-வில் ஊறப்போட்டுப் பழசாக்கியிருக்கிறாய். வெயிலும் கையும் பட்டுப் பழசானால் மேல்பக்கம்தான் மஞ்சளாகும். இதில் அடிப்பக்கமும் அதே மஞ்சள். இந்தச் சின்ன விஷயம் கூடவா தோன்றவில்லை உனக்கு?

மூடிக்குக் கீழே ஓர் ஓட்டை. தப்பான இடத்தில் போட்டு, மரத்தூள் வைத்து அடைத்தது. பாலோ அங்கிளிடம் நான் விரல் வைத்துக் காட்டிய அதே ஓட்டை. என்னை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போய் வாங்கியிருக்கிறாய். அந்த மனுஷனுக்காகப் பரிதாபப்பட்டு வாங்கினாயா, அப்போதே இந்தத் திட்டம் இருந்ததா என்று இனிமேல் யாரைக் கேட்பது?

ஏன் செய்தாய் என்பது மட்டும் புரிகிறது. ஓவர்டைம் காசெல்லாம் மரக்கட்டையில் போகிறதே என்று ரீத்தா கேட்டிருப்பாள். இது பாப்பா படிப்புக்கு என்று ஒரு பதில் சொல்லியிருப்பாய். பதில் சொன்ன பிறகு அதற்கேற்ற பொருள் ஒன்று வேண்டியிருந்தது, செய்துவிட்டாய். தெரிந்த பொய்யை வீட்டில் வைத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்துவிடக் கூடிய ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினாய். கைரேகையாம். என் கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே பொய் உடைந்திருக்கும், அதற்குத்தான் பயந்தாய். என்னை மதித்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு அந்த மதிப்பு வேண்டாம். இரண்டு வருடம் வேண்டும்.

எரிச்சல் என்னவென்றால், இதைத் திறக்குமுன் ஆம்பில் மாட்டி வாசித்தேன். கொரகொரப்பைத் தள்ளிவிட்டால் நல்ல சத்தம். அடித்தந்தி வயிற்றில் வந்து இறங்குகிறது. பெயிண்ட் வேலை சுத்தம். "பாலோ கட்டைய என்ன பண்ணியிருக்கேன் பாருடா" என்று என் முன்னால் வைத்திருந்தால், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

நான் வாயை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன்னிடம் இருந்ததிலேயே யாரும் கைவைக்காத ஒரே பேஸ் அந்தக் கறுப்புதான். அது சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விடும். இந்தக் கட்டை கண்ணாடிப் பெட்டியில் ஏறும். பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. பதினெட்டில் இதை விற்க எடுத்துக்கொண்டு போவாள். என்னைப் போல ஒருவன் மூடியைத் திறப்பான், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லுவான். அப்பன் பொய்யன் என்பதை அந்தப் பிள்ளை ஒரு கடைக்காரன் வாயால் தெரிந்துகொள்ளும்.

அதனால் இனிச் செய்யப் போவது:

1. இன்று மதியமே குளுவாங் போகிறேன். இது போனில் சொல்லும் விஷயம் இல்லை. கறுப்பு பேஸை விற்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லுவேன். கண்ணாடிப் பெட்டியில் அதை வைக்கச் சொல்லுவேன். யுனிவர்சிட்டிக்குக் காணாது, அதையும் சொல்லுவேன்.

2. "அவரையும் யாரோ ஏமாத்திட்டாங்க" என்று சொல்ல மாட்டேன். நீ அதைத்தான் விரும்புவாய். ஆனால் ரீத்தா சும்மா இருக்க மாட்டாள், அந்தச் சிங்கப்பூர்ப் பெரியவரைத் தேடிக் கிளம்பிவிடுவாள். அப்படி ஓர் ஆளே கிடையாது.

3. தலைப்பகுதி ஸ்டிக்கரை அவள் முன்னாலேயே சுரண்டுவேன்.

4. மூடியின் உள்பக்கம் அழியாத மையில் எழுதுவேன்: இது நகல். கீழே உன் பெயர், ஊர் குளுவாங். செய்தவன் பெயர் இருக்க வேண்டும்.

5. ரீத்தா அழுவாள், இல்லையென்றால் என்னை வெளியே போகச் சொல்லுவாள். இரண்டும் உனக்கு வர வேண்டியவை. வாங்கிக்கொள்ள நான்தான் இருக்கிறேன்.