கடைசி வாசலில் திரும்பும் பேருந்து

டிரம்கோன்
நவம்பர் 19, ஞாயிறு

அன்பு மகள் புரோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே மெல்பர்ன் வெயிலில் தோல் உரியாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, ஆனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள், படியைக் கட்டியவன் நான் என்பதுபோல. மழை விட்டபாடில்லை. மாடுகளைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்துவிட்டோம், அந்த ஒற்றைக் கொம்புக்காரி செவ்வாயன்று கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள், தாயும் கன்றும் நலம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் எழுதுவது ஏன் என்று உனக்கே தெரியும். ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். பாலத்தடி வீட்டு நோரீனின் தங்கை மகள் அங்கே உனக்கு, நான் ஊர்க் கூட்டத்தில் பேசிய வீடியோவைக் காட்டினாளாம், அதைப் பார்த்துவிட்டு நீ என் போனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாய். "வெள்ளிக்கிழமைல நம்ம வாசல்ல இறங்குனது யாருப்பா?" இந்த ஆறு வாரமும் அந்த வரியைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன், பதில் எழுத முகம் இல்லாமல் போனை மூடி வைக்கிறேன். இன்று அம்மா பேனாவையும் தாளையும் மேசையில் வைத்துவிட்டு, எழுதி முடித்தால்தான் தேநீர் என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போயிருக்கிறாள்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பிப்ரவரியில் நம் ஊர்க் கூடத்தில் மாவட்ட மன்றத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், எந்தெந்தக் கிராமத்துப் பேருந்தை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்று ஜனங்களிடம் கேட்பதற்கு. தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கூடம் நிறைய ஆள், எனக்கோ பேசக் கை அரித்தது. நம் தடத்துப் பேருந்து நம் முற்றத்தில்தான் வந்து திரும்பும், அதற்கப்புறம் சதுப்பு நிலம், வேறு எங்கும் அகலமான இடம் கிடையாது, உனக்குத் தெரியாததா. நான் எழுந்து நின்று சொன்னேன்: "பன்னெண்டு வருஷமா அந்த பஸ் என் முற்றத்துல வந்து திரும்புது. காத்தை ஏத்திக்கிட்டு வருது, காத்தை ஏத்திக்கிட்டுப் போகுது. இத்தனை வருஷத்துல என் வாசல்ல ஒரு ஈ காக்கா இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த டீசல் காசுல ரோட்டுல இருக்கற குழியை அடைங்கய்யா." கூடமே சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் கேவலம். முதியோருக்கான இலவசப் பயண அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "நான் இதை வெச்சு கார் கண்ணாடியில பனிதான் சுரண்டறேன்" என்று இன்னொன்றும் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள், கூடத்தில் புழுக்கமாக இருந்ததால் போகிறாள் என்று நினைத்தேன். மன்றத்து அம்மாள் நான் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டாள். மார்ச் கடைசியில் பேருந்து நின்றுபோனது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கால்நடை மருந்து வாங்க நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தடி வீட்டு நோரீன் ஒரு கையில் பையும் ஒரு கையில் குடையுமாக மழையில் நடந்து போய்க்கொண்டிருந்தாள், இரண்டு மைல் நடந்து பெரிய சாலைக்குப் போய் யாராவது வண்டியை நிறுத்தமாட்டார்களா என்று நிற்பதற்கு. அவள் புருஷன் ஜேம்ஸிக்குப் பக்கவாதம் வந்து நகரத்து முதியோர் இல்லத்தில் கிடக்கிறான் என்று எனக்குத் தெரியும். செவ்வாயும் வியாழனும் அவள் போய் ஊட்டினால்தான் வயிறாரச் சாப்பிடுகிறான் என்பது தெரியாது. நான் காரை நிறுத்தினேன். அவள் முன் கதவைத் திறக்கவில்லை, பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "உன் வாசலுக்கு வர்றப்ப பஸ் காலியாத்தான்யா இருக்கும். நீதான கடைசி வீடு. நாங்கள்லாம் அதுக்கு முன்னாடியே இறங்கிட மாட்டமா?" மகளே, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன் நான், இது எனக்குத் தோன்றவில்லை பார்.

இதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன். ஜூனில் பெட்ரோல் நிலையத்தில் ஓட்டுநர் டெக்லானைப் பார்த்தேன், அவனை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குனிந்துகொண்டே போய்விடலாம் என்று பார்த்தேன், விடவில்லை. "ஈ காக்கா இறங்கலையா? நல்லாருக்குய்யா கதை. மூணு வருஷம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, அழுக்குத் துணி மூட்டையோட உன் பொண்ணை இறக்கிவிட்டனே, அது யாரு? உங்க அடுப்படிக் கதவு தெறந்து அவ உள்ள போறவரைக்கும் நான் வண்டியைத் திருப்புனதே இல்லை, தெரியுமா உனக்கு?" எனக்குத் தெரியாது, புரோனா. நீ கல்லூரியிலிருந்து வரும் அந்த ஆறு மணிக்கு நான் பால் கறந்துகொண்டிருப்பேன். பேருந்து முற்றத்தில் திரும்பும் சத்தம் கேட்கும், சரி, பிள்ளை வந்துவிட்டாள் என்று மனசு நிம்மதியாகும், அடுத்த மாட்டுக்குப் போவேன். ஒரு தடவைகூட வெளியே வந்து எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்று கூட்டத்தில் சொன்னது ஒருவகையில் உண்மைதான், அதுதான் என்னைக் கொல்கிறது. நாலு பேர் சிரிப்பதற்காக என் பெண்ணையே கணக்கில் விட்டுவிட்டேன். பெட்ரோல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம், உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். "கூட்டத்துல எந்திரிச்சுப் போனேனே, எதுக்குன்னு நெனச்ச?" என்றாள்.

அந்த ஏப்ரலிலிருந்து செவ்வாயும் வியாழனும் நோரீனை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். இன்றுவரை பின் இருக்கைதான். இந்த அயர்லாந்தில் பேருந்தைவிட்டு இறங்குகிற எவரும், குடித்துவிட்டு வருகிறவன்கூட, ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் இறங்கமாட்டான். அவள் என் காரிலிருந்து இறங்கும்போது ஒரு நாளும் சொன்னதில்லை. நான் எதிர்பார்ப்பதும் இல்லை, அதை எந்த வாயால் கேட்பேன்? போன புதன்கிழமை மறுபடியும் கூட்டம். நான் எழுந்து நின்றதுமே சிலர் அப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். நான் தப்பான வாசலில் நின்று எண்ணினேன், என் மகள் மூன்று வருஷம் அந்தப் பேருந்தில்தான் வீட்டுக்கு வந்தாள், நான் பார்க்காமல் இருந்தது என் குற்றம், பேருந்தின் குற்றம் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து எவனோ, "பெத்த புள்ளையையே மறந்தவன் மாட்டை எப்படிய்யா எண்ணுவான்?" என்று கத்தினான். அதற்கும் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. நின்றபடியே வாங்கிக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து மூன்று மாதம் பேருந்தை மறுபடி விட்டுப் பார்க்கிறார்களாம், ஆள் ஏறினால் நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி நிறுத்திவிடுவார்கள். டெக்லானே ஓட்டுகிறான். மறுநாள் வியாழன், நோரீன் முதியோர் இல்லத்து வாசலில் இறங்கிப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து என் கண்ணாடியைத் தட்டினாள். அவசரமாகக் கண்ணாடியை இறக்கினேன். "பின்னாடி இடது விளக்கு எரியலை. போலீஸ்காரன் புடிச்சு உக்காரவெச்சா அப்புறம் நான் எப்படி வர்றது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றே விளக்கை மாற்றிவிட்டேன்.

புரோனா, நீ அனுப்பிய அந்த வரிக்கு என் பதில் இதுதான். இறங்கியது நீதான், மகளே. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன், இனி அதை அடித்து அழிக்கப்போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் என்று அம்மா சொன்னாள், விமான நிலையத்திலிருந்து கார் வாடகைக்கு எடுப்பாய் என்றாள். வேண்டாம். வெளியூர்ப் பேருந்தில் நகரத்துக்கு வந்து, வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு டெக்லானின் வண்டியில் ஏறு. ஒரு ஆள் கூடினாலும் அவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் நான் கேட்பது அதற்காக இல்லை. அன்றைக்குக் கறவையை ஐந்து மணிக்கே முடித்துவிடுவேன், முடியாவிட்டால் மாடு கத்தட்டும். நீ என்னோடு பேசினாலும் சரி, பேசாமல் நேரே அம்மாவிடம் போனாலும் சரி, நம் வாசலில் இறங்கு. நான் வெளியே நின்று பார்ப்பேன்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலையும் வீடும் நல்லபடி நடக்கட்டும். தடித்த கோட்டு ஒன்று எடுத்து வா, இங்கே எலும்பு வரை குளிர்கிறது. இறங்கும்போது டெக்லானுக்கு ஒரு நன்றி சொல், நீ எப்போதும் சொல்வாயாம், அவன்தான் சொன்னான். என் பங்குக்கும் சேர்த்துச் சொல்.

வாசலில் நிற்கப்போகும்
உன் அப்பா,
ஃபின்டன்