கடைசித் தாளில் ஒரு பென்சில் வட்டம்

ஒரே பெஞ்சில் இருந்து படித்து, பின்பு என் அண்ணனையே கட்டிக்கொண்ட ஷைலாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொல்வதற்கு இரண்டு சேதி வைத்திருக்கிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

நீ வட்டம் போட்ட இடத்தில் ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. நம் பால்வழி மண்டலத்தைச் சுற்றிவரும் குட்டி மண்டலம். அத்தனை மங்கல், அதன் ஊடாகவே அப்பால் உள்ளதெல்லாம் தெரிகிறது. பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் வெளிநாட்டுக் குழுவினர் போன வாரம் எழுதியிருந்தார்கள். அங்குள்ள நட்சத்திரங்கள் ஒரே வண்டியில் ஏறிய ஆட்கள் மாதிரி, ஒன்றாகவே போகின்றனவாம். கல்லூரி ஆசிரியர் அறையில் இருந்து படித்தேன். சத்தமாக உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

இனி மற்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவோமே, நினைவிருக்கிறதா? வான்படங்களைச் சலித்து, நட்சத்திரங்கள் சற்று நெருங்கித் தெரியும் இடங்களைக் கணினி எடுத்துத் தரும். அவற்றை இரண்டு பிரதி அச்செடுத்து, ஆளுக்கு ஒரு கட்டு. நீ தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்ப்பாய். ஒரு தடவை நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய்க் கறைக்கு வட்டம் போட்டுவிட்டு என்னோடு அரை மணி நேரம் சண்டை பிடித்தாய். முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் ‘உண்டு’ என்றால்தான் பட்டியலில் ஏறும். அந்தச் சட்டம் போட்ட மகராசி நான்தான்.

தக்கலைக்குக் கல்யாணத்துக்குப் போனோமே, அந்த ஞாயிறு. வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கடைசித் தாள் பாக்கி. பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

“ஏட்டி, கடைசித் தாளு பாத்தியா?” என்று கேட்டாய்.

“பாத்தேன் மக்கா. அதுல ஒண்ணும் இல்ல.”

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, “செரி” என்று இரண்டு கட்டையும் எடுத்து வைத்தாய்.

அடுத்த மாசமே உனக்கு வலி தொடங்கியது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நீ போன பிறகு உன் பீரோவை ஒதுக்கும்போது அந்தக் கட்டுகள் கையில் வந்தன. உன் கடைசித் தாளில் பென்சில் வட்டம், பக்கத்தில் ‘உண்டு’. அன்றைக்குத்தான் என் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது ஷைலா. கணக்கெல்லாம் மறுபடி போட்டு அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். அந்த ஒரு நிமிஷம் நான் பார்த்திருந்தால் இந்தச் சேதி உன் காதிலேயே விழுந்திருக்கும். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க?

நேற்று சாயங்காலம் ராபின் அண்ணனிடம் போனேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது சமையல் அவர்தான். குழம்பில் புளி கூடிப்போகிறது. ஒன்று விடாமல் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன்.

“அவளுக்கு அன்னைக்கே தெரியும்,” என்றார். “வேன்ல வச்சே எங்கிட்ட சொன்னா. ‘ஜெபா அந்தத் தாளு பாக்கல்ல, கேட்டியளா. கல்யாணத்துக்குப் போற தெரக்குல அவசரமா எழுதிட்டா. இப்ப கேட்டா அவளுக்க மொகம் வாடிரும். பொறவு அவளே எடுத்துப் பாப்பா, நட்சத்திரம் எங்க ஓடப் போவுது’ன்னு சிரிச்சா.”

நட்சத்திரம் ஓடவில்லை. நீ போய்விட்டாய். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் மீன் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

இதைப் பற்றி வரப்போகும் ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். கண்டது நீ, தள்ளியது நான் என்று குழுவுக்கும் எழுதிவிட்டேன். இந்த ஞாயிறு முதல் அதே மேசையில் உட்கார்ந்து, நான் ‘இல்லை’ என்ற தாள்கள் அத்தனையையும் மறுபடி பார்க்கப் போகிறேன், கடைசித் தாளிலிருந்து தொடங்கி. வாசலில் எந்த வேன் ஹாரன் அடித்தாலும் எழும்ப மாட்டேன். இது சத்தியம்.

கூடப் படித்தவளை அண்ணி முறை சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை. இப்போது கூப்பிடுகிறேன்.

பாத்துட்டேன் மைனி. உண்டு.

உன் நாத்தனார்,
ஜெபா