கரையில்லாத ஆறு

காசிமேடு, ராயபுரம்
25-8-1951

அன்புள்ள தம்பி ரஷீதுக்கு,

சுப்புராயன் மாமா எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மா சாபிரா நலம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளெல்லாம் அவர்கள்தான் கஞ்சி கொடுத்தனுப்புகிறார்கள். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மலை பிளந்த இடுக்கில் ஆறு ஓடுகிறது, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, தேன் எடுக்கிற மலைக்காரர்கள் மட்டும் கொடியைக் கட்டி இறங்குவார்கள், யானைக்குக்கூடத் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு துறைதான் என்று எழுதியிருந்தாய். அந்தக் குறுகலில் தண்ணீர் விழுகிற வேகத்தை வைத்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும், ஊரெல்லாம் விளக்கு எரியட்டும். ஆறு என்றால் கரை வேண்டாமா தம்பி? ஒதுங்கி நிற்க ஒரு பிடி மணல் இல்லாத இடத்தில் கம்பிக்கயிறு இழுக்க என் பிள்ளையை இறக்கினார்களே, அவர்களுக்குக் கண் அவிந்தா போயிற்று? கடலில் நீந்துகிறவனுக்கு ஆறெல்லாம் எம்மாத்திரம் என்று சிரித்துக்கொண்டுதான் ஜெயவேல் உன்னோடு ரயில் ஏறினான். ஆடி வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது என் கவலையெல்லாம் மருமகள் பச்சையம்மாவைப் பற்றித்தான். கடலில் போனவர்களைக் கடல் திருப்பிக் கொண்டுவந்து போடும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை. உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்கிறாள். அந்த ஆறு காவிரியில் சேர்ந்து தெற்கே கடலில் விழுகிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். இது தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் இழுக்கிற காலம். அதைத்தான் நாங்கள் தெண்டி என்போம். "தெண்டி ஓடிக்கினு கீது மாமா, அவுரு நம்ம வூட்டாண்டதான் வருவாரு" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும், மிதந்து வருவதெல்லாம் ஒதுங்குகிற எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் நிற்கிறாள்.

நேற்று ஏதோ மரக்கட்டை மிதந்து வந்ததைப் பார்த்துக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். வலைக்காரர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள். எல்லா நாளும் பக்கத்தில் ஆள் இருக்குமா? பிள்ளையை ஆற்றுக்குக் கொடுத்தேன், இவளையும் கடலுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

பாறை இடுக்கில் சிக்கியது மேலே வராது என்று நீ எழுதிய வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

தம்பி, நீ ஐந்து வேளையும் தொழுகிறவன், பொய் சொல்லமாட்டாய். ஆனாலும் கேட்கிறேன். ஜெயவேல் கிடைத்துவிட்டான் என்று ஒரு கடிதம் போடு. யானை இறங்குகிற அந்தத் துறையில் ஒதுங்கினான், முகம் கெடவில்லை, நீங்களெல்லாம் சேர்ந்து தூக்கி வந்து நல்லபடியாக அடக்கம் செய்தீர்கள் என்று எழுது. தலைமாட்டில் என்ன மரம் நிற்கிறது என்பதையும் எழுது, அவள் கேட்பாள்.

உன் அல்லா உன்னை மன்னிப்பான், பாவம் என் தலையில் இருக்கட்டும். ஜாக்கிரதையாக இரு, ஆற்றுப் பக்கம் இறங்காதே. அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறவன் நான்தான். எனக்கும் நம்பிக்கை வருகிற மாதிரி எழுதப்பா.

இப்படிக்கு,
உன் மாமா
சுப்புராயன்